தாராவி மர மாடியில் ஒரு நிச்சயதாம்பூலம்

அறுபத்து நான்காம் வருஷம் ஆனி மாதத்தில் நான் முதல் தடவையாகப் பம்பாய் போனேன். தென்காசியில் மர டிப்போ வைத்திருக்கும் எனக்கு அந்த ஊரில் வியாபார வேலை ஒன்றும் இல்லை. அக்காள் மகள் வசந்தாவுக்கு நிச்சயதாம்பூலம். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அதை விட்டால் ஆடி வந்துவிடும். ஆடி கழியும்வரை காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொறுமை இல்லை. விக்ரோலியில் அவர்களுக்கு இன்னொரு பெண்ணும் சொல்லியிருக்கிறதாம்.

திங்கட்கிழமை மாலை தென்காசியில் ஏறி, மறுநாள் எழும்பூரில் இறங்கி, ரிக்‌ஷாவில் சென்ட்ரலுக்குப் போய், இரவு பம்பாய் மெயிலில் மூன்றாம் வகுப்பில் ஒரு ஜன்னலோரம் பிடித்தேன். சென்னையிலிருந்து பம்பாய் ஏறத்தாழ எண்ணூறு மைல். விடியும்போது குந்தக்கல். பிறகு பகல் முழுவதும் கருமண் காடும் புழுதியும்தான். எதிரே மாதுங்காவில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு கணக்கர் உட்கார்ந்திருந்தார். நல்ல பேச்சுத் துணை.

"ஸார், உங்க சிஸ்டர் பாம்பேல எங்க இருக்கா?" என்று சோலாப்பூர் தாண்டியதும் கேட்டார்.

"தாராவியில். கடை வைத்திருக்கிறார்கள். குடியிருப்பது ஒரு பழைய மாடி வீடு."

"எவ்வளவு பழசு?"

"நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள்."

"அடடா" என்றார். சிறிது நேரம் கழித்து, "ரெய்ன்ஸ் ஆரம்பிச்சாச்சு. வருஷா வருஷம் அந்த மாதிரி பில்டிங் ஒண்ணு ரெண்டு விழறது. எல்லாம் விழும்னு சொல்லல்ல. சும்மா ஜாக்கிரதைக்குச் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பூனாவில் மின்சார எஞ்சின் மாட்டினார்கள். லோனாவாலாவுக்கு அப்பால் வண்டி மலையிறங்கும்போது ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து அடுத்த சுரங்கத்துக்குள் நுழைவதற்குள் பெட்டி முழுக்கச் சாரல் அடித்து நனைத்துவிடும். அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை.

வியாழன் காலை தாதர். அத்தான் குடையோடு வந்திருந்தார். லோக்கல் வண்டியில் பதினைந்து பைசா டிக்கெட்டில் மாதுங்கா, அடுத்து சயான். இறங்கித் தண்டவாளத்தின் மேற்கே அரை மைல் நடை. முழங்கால் வரை தண்ணீர் கிடந்தது. தோல் ஊறும் நாற்றமும், எங்கோ கருவாடு வறுக்கும் வாசனையும் மூக்கில் ஏறின. நடுநடுவே எங்கள் பக்கத்துத் தமிழ் காதில் விழுந்தது. "வண்டி வருது, ஒதுங்குல" என்று ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தியபோது அம்பாசமுத்திரத்தில் நிற்கிறோமோ என்று தோன்றியது.

அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் 'மர மாடி' என்று பெயர். கட்டியவர் ஒரு தானிய வியாபாரியாம், குஜராத்திக்காரர் என்கிறார்கள். தெருமட்டத்திலிருந்து இடுப்புயரத்துக்குக் கருங்கல் அடித்தளம். அதன்மேல் சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர். மாடி முகப்பு முழுவதும் மரம். தெருவைப் பார்த்து நீளமான மர உப்பரிகை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் கொம்புகள் ஒவ்வொன்றும் கிளி முகமாகச் செதுக்கப்பட்டவை. அலகு உடைந்த கிளிகள்தான் அதிகம். உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம். அங்கே இருந்த கிணற்றைக் கற்பலகை போட்டு மூடி, அதன்மேல் குழாய் வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் வாழக் கட்டிய அந்த வீட்டில் இப்போது ஒன்பது குடும்பங்கள். ஒற்றை அறையை அந்த ஊரில் 'கோலி' என்கிறார்கள். கீழே ஒரு கோலியில் அச்சாபீஸ், ஒன்றில் இஸ்திரிக் கடை, பின்பக்கத்துப் பெரிய அறையில் தோல் பை தைக்கும் பட்டறை.

அக்காள் குடியிருந்தது மாடியில், பட்டறைக்கு நேர் மேலே. அந்தக் காலத்து வியாபாரி விருந்தாளிகளை உட்காரவைத்த கூடம் அது. வாசலுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிச் சில்லுகள், கூரைப் பலகையில் மங்கிய பூக்கோலம், காலடியில் அகலமான பர்மா தேக்குப் பலகைகள். மரத்தொழில் செய்பவன் கண் வேறெங்கே போகும்? குனிந்து பலகையைத் தடவினேன். இந்தக் காலத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு.

"ஏலே, வந்ததும் வராததுமா தரையத் தடவுத. முதல்ல காப்பியக் குடி" என்றாள் அக்காள்.

காபியை வாங்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்தேன். நடுவில் கால் வைத்ததும் டம்ளரில் இருந்த காபி அலம்பியது. மூலையில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

"எப்பவும் இப்படியா?"

"மழக்காலத்துல கொஞ்சம் ஆடும் மாமா" என்றாள் வசந்தா. பம்பாயிலேயே பிறந்த பெண். "எல்லாருக்கும் ஆதத் ஆயிடுச்சு."

பழகிவிட்டதாம். எனக்குப் பழகவில்லை. அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கினேன். தரையைத் தாங்கும் பெரிய உத்தரம் கூடத்தின் நடுவே சுவருக்குச் சுவர் இருபத்திரண்டு அடி ஓடுகிறது. தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு அங்குலம் தொய்வு. நூறு வருஷத்து மரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. பின்சுவர் ஓரத்துப் பலகை ஒன்றைப் பெயர்த்து, உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தைத் தட்டினேன். மற்ற இடங்களில் கணீரென்று பேசிய மரம் அங்கே மொத்தென்றது. கூரை ஒழுகல் எத்தனை மழைக்காலமாக அந்தச் சுவர் வழியே இறங்கியதோ! பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது.

கத்தியை உருவி, பலகையைப் பழையபடி வைத்துவிட்டு, கடைக்குப் போய் அத்தானிடம் சொன்னேன்.

"இன்னைக்கே விழுமா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது அத்தான். அஞ்சாறு பேர் நடமாடினா தாங்கும். ஞாயித்துக்கிழம கூட்டம் கூடி நடுவுல உக்காந்தா, அப்புறம் நான் பொறுப்பில்ல. வேற இடம் பாத்துக் குடி போயிருங்க. எதுக்கு இந்த உசுருப் பயம்?"

அவர் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மச்சான், வெளிய போறது லேசு. திரும்ப உள்ள வர முடியாது. வீட்டுக்காரன் சூரத்துல இருக்கான். இது எப்பம் விழும், நாம எப்பம் ஓடுவோம்னுதான் அவன் பாத்துக்கிட்டிருக்கான். இந்த ஊர்ல ஒரு கோலி போச்சுன்னா அப்புறம் ரோட்டுலதான். இதெல்லாம் நீங்க மாப்பிள்ள வீட்டுக்காரவ காதுல போட்டுராதீய. இவ்வளவு பெரிய கூடம் நம்மகிட்ட இருக்குன்னுதான் அவ்வோ பொண்ணு கேட்டு வந்ததே."

மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டுப் பார்த்தோம். முகூர்த்த நாள், இடம் இல்லை. சரி, கீழே பட்டறைக்குள் உத்தரத்துக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்று வெள்ளிக்கிழமை அங்கே போனேன். கதவில் பூட்டு. பட்டறைக்காரர் மேலப்பாளையத்துக்காரர், காதர் பாய். பிவண்டியில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். சாவி யாரிடமும் இல்லை. அதோடு குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் அவருக்கும் அத்தானுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாதாம்.

அப்படியும் சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்து ரே ரோடு போனேன். அங்கே கடலை ஒட்டி மைல் கணக்கில் மரக்கடைகள். தென்காசியில் என் டிப்போவைப் பெரிது என்று நினைத்திருந்தவனுக்கு அங்கே ஒரு மூலையில் கிடந்த கழிவு மரமே கண்ணைக் கட்டியது. எனக்கு ஹிந்தி தெரியாது, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஒரு மரத்தைத் தட்டி, முகத்தைச் சுளித்தேன். அவர் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து வேறு மரம் எடுக்கச் சொன்னார். ஒன்பது அடியில் இரண்டு சால் மரத் தூண்கள், ஆப்புக்கு இரண்டு துண்டுத் தேக்கு, நாற்பத்திரண்டு ரூபாய். கைவண்டியில் ஏற்றிக் கொட்டும் மழையில் ஐந்து மைல் கூடவே நடந்து வந்தேன். தூண்கள் வந்து முற்றத்தில் கிடந்தன. நிறுத்த வேண்டிய இடமோ பூட்டிக் கிடந்தது.

ஞாயிறு. காலையிலிருந்தே மழை ஓயவில்லை. ஜமக்காளத்தை நானே விரித்தேன். நடுவில் விரிக்காமல் நான்கு சுவர் ஓரமாகவும் விரித்து, நடுவில் குத்துவிளக்கை மட்டும் வைத்தேன். விளக்கைச் சுற்றிப் பெரிதாகக் கோலம் போடச் சொன்னேன். கோலத்தை யாரும் மிதிக்கமாட்டார்கள் அல்லவா? வெற்றிலைத் தட்டு, பழத் தட்டு எல்லாவற்றையும் அங்கே பரப்பினேன். அக்காளுக்கு விஷயம் தெரியும். என்னைப் பார்ப்பாள், விளக்கைப் பார்ப்பாள், அடுக்களைக்குப் போய்விடுவாள்.

மாப்பிள்ளை வீட்டார் செம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். எட்டுப் பேர் என்று சொன்னவர்கள் பதினெட்டுப் பேராக வந்தார்கள். நம் பக்கத்து ஆட்களோடு சேர்த்தால் முப்பதைத் தாண்டும். செங்குத்தான மரப்படியில் ஒவ்வொருவராக ஏறி வரவர நான் வாசலில் நின்று, "இப்படி ஓரமாக வாங்க, இங்கே காத்து வரும்" என்று சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை செல்வராஜ் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். ஒல்லியான பையன், தலை நிமிரவில்லை. அவன் அப்பா அருணாசலம் அதிகம் பேசாதவர். அம்மா பிச்சம்மாளுக்கு எல்லாவற்றையும் கவனிக்கும் கண். கடைசியாக வந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா. இரண்டு ஆள் எடை இருக்கும். நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நேரே நடுக்கூடத்துக்குப் போய், தட்டுகளை ஒதுக்கி, கோலத்தின் மேலேயே விளக்கின் பக்கத்தில் சம்மணம் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். குத்துவிளக்கின் சுடர் ஒரு முறை துள்ளியது.

அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று இன்னும் மூன்று பேர் எழுந்துபோய் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிறகு இரண்டு பேர். லக்கினப் பத்திரிகையை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே, பின்சுவர்ப் பக்கம், மரம் நெறிபடும் சத்தம் ஒன்று கேட்டது. மெல்லிய சத்தம்தான். மரத்தோடு பழகியவனுக்கு அது போதும். சுவரிலிருந்து ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு உதிர்ந்து தாம்பாளத்தில் விழுந்தது.

பிச்சம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "வந்ததுலேர்ந்து பாக்குதேன், தாய்மாமன் உக்காரவே இல்ல. எல்லாரையும் சுவத்துப் பக்கமா வெரட்டுதாவ. என்ன விஷயம்?" என்று கேட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அடுக்களை வாசலில் அக்காளின் பின்னால் வசந்தா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் இந்தச் சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, யாரும் பதறக் கூடாது. ஓடக் கூடாது" என்றேன். "இந்தத் தரைக்கு அடியில உள்ள உத்தரம் பின்சுவத்துல நைஞ்சு போயிருக்கு. நடுவுல இருக்கவ மட்டும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, மெல்ல ஓரத்துக்கு வாங்க. ஓரத்துல பயமில்ல."

நடுவில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். பெரியப்பாதான் கடைசி. எழுந்து நிற்கப் பயந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து சுவருக்கு வந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அருணாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இத முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளைகுட்டியோட வந்திருக்கோம். தெரிஞ்சிருந்தும் மேல ஏத்தி உக்கார வச்சிருக்கீயளே, என்ன மனுசங்க நீங்க?"

அத்தான் தலை குனிந்தார். "தப்புதான் அண்ணாச்சி. எங்க சம்பந்தம் விட்டுப் போயிருமோன்னு..." அருணாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"நில்லுங்க" என்றாள் பிச்சம்மாள். கணவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "நாம மட்டும் என்ன சொன்னோம்? செம்பூர்ல சொந்த வீடுன்னு சொன்னோம். தகரக் கூரைன்னு சொன்னோமா? நேத்து ராத்திரி முழுக்க நாலு பாத்திரத்த வச்சு ஒழுகுனத ஏந்துனது யாரு? அவ்வோளாவது கேட்டதும் சொல்லிட்டாவ." பிறகு அக்காளின் பக்கம் திரும்பி, "தட்ட எடுங்க மதினி. நல்ல நேரம் போவுது" என்றாள்.

நான்கு சுவரையும் ஒட்டி வரிசையாக நின்றபடி நிச்சயதாம்பூலம் மாற்றியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. தட்டுகள் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தன. வாழ்த்தியவர்கள் குரலைக்கூடத் தாழ்த்தியே வாழ்த்தினார்கள். சாப்பாட்டை மாடியில் வைக்காமல், கீழே அச்சாபீஸுக்கு வெளியே இருந்த நடையில் ஐந்தைந்து பேராகப் பந்தி போட்டோம். கடைசி ஆள் படியிறங்கிய பிறகுதான் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

புறப்படும்போது செல்வராஜ் முதல் தடவையாக என்னிடம் பேசினான். "மாமா, உத்தரத்த மேல தூக்கணும்னா ஸ்க்ரூ ஜாக்கி வேணும்லா? நாளைக்கு எனக்கு மொத ஷிப்ட். முடிச்சிட்டுக் கொண்டாரேன்."

திங்கட்கிழமை பகலில் காதர் பாய் பிவண்டியிலிருந்து வந்து சேர்ந்தார். அத்தான்தான் போய்ப் பேசினார். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. நான் பின்னால் நின்றேன்.

பாய் தலையை நிமிர்த்தித் தம் பட்டறையின் மேல் உத்தரத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "இதுக்கு அடியிலதானய்யா பத்துப் பேரு உக்காந்து தைக்குதோம்" என்றார். பிறகு, "தூணு நிக்கட்டும். உள்ள தூணு வந்தா எனக்கும் சட்ட மாட்ட ஒரு ஆணி அடிச்சிக்கிடலாம்" என்றார். மெஷின்களையும் தோல் கட்டுகளையும் அவர் ஆட்களே ஒதுக்கினார்கள்.

மாலை நான்கு மணிக்குச் செல்வராஜ் இரண்டு சிநேகிதர்களோடு வந்தான். சாக்கில் சுற்றிய இரண்டு ஜாக்கிகள். கல்தரையில் கனமான பலகை போட்டு, ஜாக்கிகளை நிறுத்தி, உத்தரத்துக்கும் அவற்றுக்கும் நடுவே தாங்குகட்டை வைத்தோம். ஆபத்து இங்கேதான். அவசரப்பட்டுத் தூக்கினால் நைந்த முனை பொடிந்து மொத்தமும் கீழே வரும். மேலே என்ன நடக்கிறதென்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். "நான் பாக்கேன்" என்றாள் வசந்தா. அக்காள் வேண்டாம் என்றாள். அவள் கேட்கவில்லை. பின்சுவர் ஓரமாகப் போய், நான் மறுபடியும் பெயர்த்து வைத்திருந்த பலகைச் சந்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கீழேயிருந்து பார்த்தால் அவள் முகத்தில் பாதி தெரிந்தது.

செல்வராஜ் கம்பியைத் திருப்பினான். கால் சுற்று. மரம் முனகியது. அடுத்த கால் சுற்று. அவன் தலை நிமிராமலே கேட்டான்.

"மேல எப்படி இருக்கு?"

"சுண்ணாம்பு விழுது. கொஞ்சமாத்தான்."

"நிறுத்தவா?"

"வேண்டாம். இன்னும் கொஞ்சம்."

இன்னும் கால் சுற்று. இன்னும் ஒன்று. மேலே மரம் மரத்தோடு உரசும் நீண்ட கிறீச்சல் கேட்டது. செல்வராஜ் கையை எடுத்துவிட்டான். காதர் பாய் வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினார். நான் அண்ணாந்து பார்த்தேன். சந்தில் வசந்தாவின் முகம் இல்லை.

"வசந்தா!" என்று கத்தினேன்.

"மாமா, கதவு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "பின்பக்கக் கதவு தானா தொறக்குது! போன மழையிலருந்து அடச்சுக் கெடந்த கதவு!" மறுபடியும் சந்தில் முகம் தெரிந்தது. இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை. "போதும். இனிமே திருப்பாதீங்க" என்றாள். அவனும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

இருவரும் ஒருவரோடொருவர் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் தரை இருந்தது, அதற்கு அடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

தூண்களை நிறுத்தி, தேக்கு ஆப்புகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடித்து இறுக்கினேன். ஜாக்கியை இறக்கியதும் பாரம் தூணுக்கு வந்தது. தூண் அசையவில்லை. கையால் தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். அக்காள் கீழே எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளரைக் காதர் பாய்க்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை ஊருக்குப் புறப்பட்டேன். தூண் இரண்டு வைத்ததால் வீடு புதிதாகிவிடாது. கூரை இன்னும் ஒழுகுகிறது, சுவர் இன்னும் ஈரம் குடிக்கிறது. ஒரு முனைக்கு முட்டுக் கொடுத்தேன்; நான் பார்க்காத உத்தரங்கள் அந்த வீட்டில் எத்தனையோ. அத்தானிடம் இன்னொரு தடவை வேறு இடம் பார்க்கச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டி கிளம்பும்போது மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் அந்த மாதங்களில் மழை என்றால் கொண்டாட்டம். மலை நனைந்தால் அருவி பெருகும், கடை வியாபாரம் பெருகும். அந்த வருஷமும் ஊரெல்லாம் ஈரத் துண்டோடு சந்தோஷமாகத் திரிந்தது. நான் மட்டும் டிப்போவுக்கு வந்ததும் பேப்பரில் பம்பாய்ச் செய்தியைத் தேடுவேன். வீடு இடிந்த செய்தி இரண்டு தடவை வந்தது. தெருப் பெயரை வாசிக்கும்வரை எழுத்துக்கள் கண்ணில் நிற்கவில்லை. வேறு தெரு என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். அங்கே செத்தவர்களை நினைத்ததும் அது வெட்கமாகிவிடும்.

ஆவணியில் கல்யாணத்துக்காக அவர்கள் தென்காசிக்கு வந்து இறங்கினார்கள். பெட்டி, படுக்கை, மூட்டை என்று பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. அக்காள் கடைசியாக இறங்கினாள். பயணக் களைப்பில் முகம் கறுத்திருந்தது. நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். சத்திரம் பேசியாயிற்றா, சமையலுக்கு ஆள் வந்தாயிற்றா என்று அவள் எதையும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்:

"ஏலே தம்பி, வீடு நிக்குதுலே."